வேலையா, பட்டமா என்று கேட்கும் முன்

புக்கிட் பாஞ்சாங்கில் நாங்கள் குடியிருக்கும் புளோக்கில் தமிழ் வீடு எது என்று கண்டுபிடிக்க மாவிலைத் தோரணம் தேவையில்லை. கதவு திறந்திருக்கும்போது கூடத்துச் சுவரைப் பார்த்தால் போதும். சாமி படங்களுக்குச் சற்றுத் தள்ளி, கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் அணிந்த பிள்ளை ஒன்று சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு படத்துக்குப் பின்னால் அப்பாவின் மிகைநேர வேலை, அம்மாவின் சீட்டுப் பணம், பாட்டியின் வேண்டுதல் எல்லாம் இருக்கும். அதனால்தான் ஒரு பிள்ளை, "படிப்பை முடிக்காமல் வேலைக்குப் போகட்டுமா?" என்று கேட்டுவிட்டால் மொத்தக் குடும்பமும் கலங்கிவிடுகிறது.

எங்கள் குடும்பத்தில் அந்தக் கேள்வி 2024 ஜூன் மாதம் எழுந்தது. அக்கா மகன் அப்போது பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் மூன்றாம் ஆண்டை முடித்திருந்தான். ஆறு மாத வேலையிடப் பயிற்சிக்காக அவன் போயிருந்த நிறுவனம், பயிற்சி முடியும் முன்பே நிரந்தர வேலை தருவதாகச் சொன்னது. மாதச் சம்பளம் 3,800 வெள்ளி. ஜூலையில் சேர வேண்டும். இறுதியாண்டு வகுப்புகளோ ஆகஸ்ட்டில் தொடங்கவிருந்தன.

அக்கா எடுத்த எடுப்பிலேயே மறுத்துவிட்டார். "மூணு வருஷம் படிச்சாச்சு. இன்னும் ஒரே வருஷம். கரை தெரியும்போது யாராவது படகைத் திருப்புவாங்களா?" என்பது அவர் வாதம்.

மகனிடமும் வாதங்கள் இருந்தன. தேசிய சேவையில் இரண்டு ஆண்டுகள் போனதால், உடன்படித்த பெண் பிள்ளைகள் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். தான் 24 வயதிலும் அம்மாவிடம் கைநீட்டுவதாக அவனுக்கு ஒரு குறை. கணினித் துறையில் கைவேலை தெரிந்தால் போதும், காகிதத்தை யாரும் பார்ப்பதில்லை என்றான். மத்திய சேமநிதிக் கணக்கைக்கூடப் போட்டு வைத்திருந்தான். 3,800 வெள்ளி சம்பளத்துக்கு அவன் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17 விழுக்காடு, ஆக மாதம் 1,406 வெள்ளி சேரும். "சீக்கிரம் ஆரம்பிச்சா சீக்கிரம் வீவக வீடு வாங்கலாம்" என்று முடித்தான்.

உறவினர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மாமா ஒருவர் பில் கேட்ஸையும் மார்க் ஸக்கர்பர்க்கையும் இழுத்து வந்தார். படிப்பைப் பாதியில் விடுவது பற்றிப் பேச்சு வந்தால் இந்த இரண்டு பெயர்களும் வராமல் போகாது. பில் கேட்ஸ் 1975ல் ஹார்வர்டிலிருந்து முறைப்படி விடுப்பு எடுத்துக்கொண்டுதான் வெளியேறினார். தொழில் தோற்றிருந்தால் அவர் திரும்பிப் போக இடம் இருந்தது. சியாட்டலில் அவருடைய தந்தை வழக்கறிஞர். ஸக்கர்பர்க் 2004ல் போனது தம்முடைய சொந்த நிறுவனத்தை நடத்த. இருவருமே இன்னொருவர் கொடுத்த மாதச் சம்பள வேலைக்காகப் படிப்பை விட்டவர்கள் இல்லை. அடுத்து மாமா சொன்ன பெயர் சுந்தர் பிச்சை. அவர் கைவிட்டது முனைவர் படிப்பை. அதற்குள் கரக்பூர் ஐஐடி பட்டமும் ஸ்டான்ஃபோர்டு முதுநிலைப் பட்டமும் அவர் கையில் இருந்தன.

கடைசியில், "நீதான் மனிதவளப் பிரிவில் இருக்கிறாயே, நீயே சொல்" என்று பந்தை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். என்னைக் கேட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே கேள்வி 2003ல் எனக்கு வந்தது.

அந்த ஆண்டு சார்ஸ் நோயால் ஊரே முடங்கியிருந்தது. அப்பா வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தது. அப்போது அவருக்கு 51 வயது. நான் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயப் படிப்பை முடித்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதமும், கப்பல் துறை நிறுவனம் ஒன்றில் எழுத்தர் வேலைக்கான கடிதமும் இரண்டு வார இடைவெளியில் வந்தன. நான் வேலையை எடுத்துக்கொண்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டுக் கடன் நின்றுபோகாமல் இருந்ததும், தம்பி படிப்பைத் தொடர்ந்ததும் அந்தச் சம்பளத்தால்தான். அப்போது அதுதான் சரி; இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் திரும்பிப் போக ஆன செலவையும் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த நான்காம் ஆண்டு, பட்டதாரி ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். மூன்று மாதம் அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தது நான். அடுத்த ஆண்டே அவர் எனக்கு மேலதிகாரி. நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பதவிக்கான விண்ணப்பப் படிவத்தில் குறைந்தபட்சத் தகுதி என்ற இடத்தில் 'பட்டம்' என்று அச்சிட்டிருந்தது, அவ்வளவுதான்.

2008ல் பகுதிநேரமாகப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். இன்றைய சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் அப்போது 'யூனிசிம்' என்ற பெயரில் இயங்கியது. அலுவலகம் முடிந்ததும் ஓடிப்போய் இரவு 7 மணி வகுப்பில் உட்கார வேண்டும். பத்து மணிக்கு முடியும். கிளமெண்டி சாலையிலிருந்து பேருந்து பிடித்து, அப்பர் புக்கிட் தீமா சாலை வழியாக வந்து, இலகு ரயில் ஏறி ஃபாஜாரில் இறங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். வெட்டவுன் பாதை எங்கள் வட்டாரத்துக்கு வந்ததே 2015 டிசம்பரில்தான். இடையில் 2009ல் திருமணம், 2011ல் மகள் பிறந்தாள். ஒரு தேர்வுக்குத் தாய்ப்பால் கட்டிய வலியோடு போய் எழுதியிருக்கிறேன். பட்டம் கைக்கு வந்தது 2013ல்.

முழுநேரமாகப் படித்திருந்தால் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் முடிந்திருக்கும். எனக்குப் பத்து ஆண்டுகள் கழித்து முடிந்தது. கட்டணத்தைவிட அதிகம் செலவானது மாலை நேரங்கள்தான். கணவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டிய இரவுகளும், குழந்தை விழித்திருக்கும் நேரங்களும் அந்தச் செலவுக் கணக்கில் அடங்கும்.

இதையெல்லாம் விரக்தியாகச் சொல்லவில்லை. வேலைக்குப் போய்விட்டுப் பிறகு படிக்க வந்தவர்களில் நம் நாட்டு அதிபரே ஒருவர் உண்டு. 1924ல் பிறந்த செல்லப்பன் ராமநாதன், நாம் அறிந்த எஸ்.ஆர். நாதன், பதின்ம வயதில் பள்ளியையும் வீட்டையும் விட்டுப் போனவர். ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் ஜப்பானிய மொழி கற்று மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். போருக்குப் பிறகு வேலை பார்த்துக்கொண்டே விட்ட படிப்பைத் தொடர்ந்தார். அன்று சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பணிக்கான பட்டயப் படிப்பைச் சிறப்புத் தேர்ச்சியுடன் 1954ல் முடித்தார். மறு ஆண்டு மருத்துவ சமூகப் பணியாளராக அரசாங்க வேலையில் சேர்ந்தார். 1999 முதல் 2011 வரை அதிபராக இருந்தார். நான் இரவில் படித்த பல்கலைக்கழகத்தில் இன்று ஒரு கல்விப் பிரிவே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் கதையில் இன்னொரு விவரமும் உண்டு. அவர் திருமணம் நடந்தது 1958ல், படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து. திரும்பிப் போகும் கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். தோளில் சுமை ஏற ஏற அந்தக் கதவு தூரமாகத் தெரியும் என்பது என் அனுபவம்.

இதைத்தான் அக்கா மகனிடமும் சொல்லத் தயாராக இருந்தேன். ஆனால் அவனிடம் பேசியபோது பேச்சு வேறு பக்கம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா, அவன், நான் மூவரும் ரயிலில் லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். அக்காவுக்கு வீரமாகாளியம்மன் கோயிலில் ஓர் அர்ச்சனை. "வேலை கிடைக்கணும்னு வேண்டிக்கிறதா, கிடைச்ச வேலை போகணும்னு வேண்டிக்கிறதா, அம்மனுக்கே குழப்பமா இருக்கும்" என்று அவரே சிரித்தார். அவர் வரிசையில் நின்ற நேரத்தில் நாங்கள் இருவரும் தேக்கா உணவங்காடியில் தேநீருடன் உட்கார்ந்தோம்.

நான் அவனிடம் நிறுவனத்தைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ கேட்கவில்லை. "முதல் மாசச் சம்பளத்தை என்ன செய்வேன்னு நினைச்சு வச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டேன்.

உடனே பதில் வந்தது. "ஆயிரத்து ஐந்நூறு அம்மாகிட்ட. வீட்டுக் கடனுக்கு."

அதற்கு மேல் அவன் சொல்லத் தேவையில்லாமல் எனக்குப் புரிந்துவிட்டது. முந்திய ஆண்டு அத்தானுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் பராமரிப்புத் தொழில்நுட்பர். இரவு வேலையும் மிகைநேரமும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அடிப்படைச் சம்பளம் மட்டும் வந்தது. வீட்டில் யாரும் இவனிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அம்மா சீட்டை நிறுத்தியது, குளிரூட்டியைப் போடாமல் அப்பா கூடத்தில் படுப்பது, தங்கையின் துணைப்பாட வகுப்பு ஒன்று குறைந்தது எல்லாம் அவன் கண்ணில் பட்டிருக்கிறது. படிப்புக்காக அத்தானின் மத்திய சேமநிதிப் பணம் எடுக்கப்பட்டது அவனுக்குத் தெரியும். மீதி எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது. தெரியாததை அவன் மோசமாகவே கற்பனை செய்திருந்தான்.

"அம்மாகிட்ட இதைச் சொன்னியா?"

"சொன்னா அப்பா காதுக்குப் போகும், சித்தி. அவருக்கு மறுபடியும் ஏதாவது ஆயிடும்."

பெற்றோர் பிள்ளை மனம் கலங்கக் கூடாது என்று கணக்கை மறைத்தார்கள். பிள்ளை பெற்றோர் மனம் நோகக் கூடாது என்று காரணத்தை மறைத்தான். அன்பு இரண்டு பக்கமும் இருந்தது. அந்த அன்பால்தான் ஒரு மாதமாக எல்லாரும் சம்பந்தமில்லாத விஷயத்தைப் பேசிச் சண்டை போட்டிருக்கிறார்கள். 2003ல் எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. அப்பாவிடம் எவ்வளவு சேமிப்பு இருந்தது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

மறுவாரம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள் என்றேன். அக்கா முதலில் தயங்கினார். "பிள்ளைகிட்ட போய் இதையெல்லாம் காட்டுவாங்களா?" என்றார். அத்தான்தான் எழுந்து போய்க் கோப்பைக் கொண்டுவந்தார். வங்கிக் கணக்கு, வீட்டுக் கடன் பாக்கி, காப்புறுதி, மத்திய சேமநிதி அறிக்கை எல்லாம் மேசைக்கு வந்தன. பார்த்தபோது நிலைமை இறுக்கமாக இருந்தது. ஆனால் பையன் பயந்த அளவுக்கு இல்லை. சிக்கனமாக இருந்தால் இன்னும் ஒன்றரை ஆண்டு தாக்குப்பிடிக்கலாம்.

அன்று பேசிய சில விவரங்கள் மற்ற குடும்பங்களுக்கும் பயன்படும். பெற்றோரின் மத்திய சேமநிதியிலிருந்து படிப்புக்கு எடுக்கும் பணம் அன்பளிப்பு ஆகாது. அது கடன். படித்த பிள்ளைதான் வட்டியோடு பெற்றோர் கணக்குக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். படிப்பை முடித்தாலும் பாதியில் விட்டாலும் ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். பட்டம் வாங்காதவருக்கும் அந்தக் கடன் உண்டு. இறுதியாண்டுக் கட்டணத்துக்கு அத்தானின் சேமநிதியை மீண்டும் தொடாமல், கல்வி அமைச்சின் கல்விக் கட்டணக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவானது. மானியம் போக மீதிக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை அதில் கிடைக்கும். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை.

பிறகு வருமானக் கணக்கைப் போட்டோம். 2023ல் படித்து முடித்தவர்களைப் பற்றிய பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வின்படி, முழுநேர வேலையில் சேர்ந்த பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளம் 4,313 வெள்ளி. அவனுக்குக் கிடைக்கவிருந்தது 3,800. வித்தியாசம் மாதம் 513 வெள்ளி. ஆண்டுக்கு ஏறக்குறைய 6,150. ஓராண்டுச் சம்பளமான 45,600 வெள்ளியை விட்டுவிட்டுப் படித்தால், இந்த வித்தியாசத்தைக் கொண்டு அதை ஈடுகட்ட ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். "பார்த்தீங்களா!" என்றான் பையன். அவன் சொன்னது சரி. பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பட்டம் உடனே வெல்வதில்லை. அதைப் பெரியவர்கள் ஒப்புக்கொண்டது அவனுக்கு ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன். அதன் பிறகுதான் அவனும் காது கொடுத்துக் கேட்டான்.

மனிதவளப் பிரிவில் இருப்பவள் என்ற முறையில் நான் சொன்னவை இரண்டு. முதலாவது, வேலைக் கடிதத்தைக் கடைசி வரி வரை படி. அந்தக் கடிதத்தில் மூன்று மாதத் தகுதிகாண் காலம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு வார முன்னறிவிப்பில் அவனை விலக்கலாம். 'நிரந்தர வேலை' என்ற சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள், ஒப்பந்தத்தில் வேறு பொருள். இரண்டாவது, பத்து ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் பட்டத்தைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. முதல் வேலையிலிருந்து இரண்டாவது வேலைக்குத் தாவும்போதும், முதல் பதவி உயர்வின்போதும்தான் அது அதிகம் கேட்கப்படுகிறது.

எல்லை தாண்டும்போது பட்டத்தின் எடை இன்னும் கூடுகிறது. அமெரிக்கா சிங்கப்பூரர்களுக்கென்று ஆண்டுக்கு 5,400 வேலை விசாக்களை ஒதுக்கியிருக்கிறது. அவை பட்டப்படிப்பு தேவைப்படும் வேலைகளுக்கானவை. தமிழகத்திலிருந்து இங்கு வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2023 செப்டம்பரிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் 'காம்பஸ்' என்ற புள்ளி முறையில் 40 புள்ளிகள் பெற வேண்டும். கல்வித் தகுதிக்கு மட்டும் 10 அல்லது 20 புள்ளிகள் உண்டு. பட்டம் இல்லாதவருக்கு அந்த இடத்தில் பூச்சியம்தான். மற்ற வழிகளில் அதை ஈடுகட்ட வேண்டும்.

மேசையைவிட்டு எழுவதற்கு முன் அவனுக்கு இரண்டு மின்னஞ்சல்கள் எழுதும் வேலை கொடுத்தோம். ஒன்று நிறுவனத்துக்கு: அடுத்த ஆண்டு மே மாதம் வரை இந்த இடத்தை வைத்திருக்க முடியுமா, அல்லது வாரத்தில் இரண்டு நாள் வேலை பார்த்துக்கொண்டு படிக்கலாமா? மற்றொன்று பல்கலைக்கழகத்துக்கு: படிப்புக்கு விடுப்பு எடுக்க முடியுமா, எவ்வளவு காலம், திரும்பி வந்தால் ஏற்கெனவே முடித்த பாடங்கள் செல்லுமா? விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அதனால் பதில் எழுத்தில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன்.

நிறுவனம் அன்பாகவே மறுத்தது. இடத்தை வைத்திருக்க முடியாது, அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றது. பல்கலைக்கழகம் துறையின் ஒப்புதலோடு ஒரு பருவம் விடுப்பு தரலாம் என்றது. ஆனால் அவனுடைய இறுதியாண்டுத் திட்டப்பணி ஓராண்டு முழுவதும் நடப்பது. ஒரு பருவம் விட்டால் ஓராண்டு தள்ளிப்போகும்.

அவன் நான்கு நாள் யோசித்தான். அந்த நான்கு நாளும் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று அக்காவுக்கு அத்தான் தடை போட்டார். அக்கா எனக்கு மட்டும் நாளுக்கு ஐந்து முறை தொலைபேசியில் அழைத்தார். நான்காம் நாள் இரவு அத்தான் அவனோடு ஸெங்ஹுவா பூங்கா பக்கம் நடக்கப் போனார். மருத்துவர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். அப்போது அவர் சொன்னது ஒன்றுதான் என்று பையன் பிறகு என்னிடம் சொன்னான்: "எனக்காக எந்த முடிவும் எடுக்காதே. உனக்காக எடுத்தா, எதுவானாலும் எனக்குச் சரி."

அவன் படிப்பை முடிக்கிறேன் என்றான். காரணம் கேட்டபோது விசா, புள்ளி, சம்பளம் எதையும் சொல்லவில்லை. "வேலையில ஒரு நாள் மோசமாப் போனாலும் இதை முடிக்காம வந்துட்டோமேன்னுதான் நினைப்பேன். அந்த நினைப்போட வேலை பார்க்க விருப்பமில்லை" என்றான்.

இதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். 2025 பிப்ரவரியில் அடுத்த ஆய்வு முடிவு வெளிவந்தது. பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு உயர்ந்திருந்தது. ஆனால் முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்களின் விகிதம் 84.1 விழுக்காட்டிலிருந்து 79.5க்குச் சரிந்திருந்தது. அவன் கடைசிப் பருவத்தில் இருந்த நேரம் அது. அந்தச் செய்தி வந்த நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டார். பயிற்சிக்குப் போன நிறுவனத்தில் அவனுக்கு வைத்திருந்த இடம் ஏற்கெனவே வேறொருவருக்குப் போயிருந்தது. படிப்பு முடிந்த பிறகு நான்கு மாதங்கள் விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டான். வீட்டில் பணம் இறுகிய மாதங்கள் அவை. அக்கா பகலில் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தார்.

செப்டம்பரில் வேலை கிடைத்தது. சம்பளம் 4,000 வெள்ளி, இடைநிலைச் சம்பளத்துக்கும் கீழ். நேர்முகத் தேர்வில் பட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லையாம். முழுக்க முழுக்க, பயிற்சிக் காலத்தில் அவன் செய்த வேலையைப் பற்றித்தான் கேட்டார்களாம். விண்ணப்பப் படிவத்தில் மட்டும் பட்டம் கட்டாயம் என்று இருந்தது. ஆக, நேர்முகத் தேர்வு அறைக்குள் நுழைய ஒன்று உதவியது, உள்ளே பேச மற்றொன்று உதவியது.

மறு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னுடன் வேலை பார்க்கும் தோழி ஒருவரின் மகள், ஏறக்குறைய அதே நேரத்தில், அதே மாதிரி வாய்ப்பு வந்தபோது வேலையைத் தேர்ந்தெடுத்தாள். பல்கலைக்கழகத்தில் முறைப்படி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். வேலை அவளுக்குப் பிடித்துவிட்டது, பதவி உயர்வும் கிடைத்திருக்கிறது. மீதிப் படிப்பைப் பகுதிநேரமாக முடிக்க நிறுவனமே பாதிக் கட்டணம் தருகிறது. அவள் முடிவைத் தவறென்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அந்த வீட்டிலும் கேட்டு, எழுதி, கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள்.

உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தால், வேலையா பட்டமா என்று கட்சி கட்டும் முன் குடும்பத்தின் வரவுசெலவைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். தேசிய சேவையில் துப்பாக்கியைக் கையில் கொடுத்து நம்பும் வயதில், வங்கிக் கணக்கைக் காட்டி நம்பலாம். பிள்ளைகளும் கொஞ்சம் வாய் திறக்க வேண்டும். யாருக்காக இந்த அவசரம் என்பதை அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். அவர்கள் நீங்கள் நினைப்பதைவிடத் திடமானவர்கள். பிறகு நிறுவனத்திடமும் பல்கலைக்கழகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். இரண்டில் எது பிறகும் கிடைக்கும், எதைத் திரும்பப் பெற என்ன விலை என்பது அப்போது தெரியும். அதற்கு மேல் முடிவு பிள்ளையுடையது. காலையில் எழுந்து வகுப்புக்கோ வேலைக்கோ போகப்போவது அவர்கள்தான்.

அக்கா மகனுக்கு இந்த ஆண்டு மத்திய சேமநிதிக் கடனின் தவணை தொடங்குகிறது. அப்பாவின் கணக்குக்கு மாதாமாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். அத்தான் குறைத்துச் சொன்னாராம், பையன் கூட்டிச் சொன்னானாம். இந்த முறை சண்டை அதைப் பற்றி.